விருத்தாசலத்துக்கு வேண்டியது நன்கொடை ரசீது அல்ல

கல்லூரிக்கும் அங்கே படித்துவிட்டுப் போனவர்களுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்று யார் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரு தொகையில் வந்து நிற்கிறது. சென்னை ஐஐடி 2023-24 நிதியாண்டில் முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் 513 கோடி ரூபாய் திரட்டியது. 2024 ஆகஸ்டில், அங்கே 1970-இல் எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு நந்தன் நிலேகனி தாம் படித்த மும்பை ஐஐடிக்கு 315 கோடி அளித்தார். கொடுத்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் மறுப்பு, இந்தச் செய்திகளிலிருந்து நம் கல்விச் சூழல் எடுத்துக்கொண்ட பாடத்தின் மீது. பெரிய கல்லூரிக்குப் பெரிய முன்னாள் மாணவர்கள், அவர்கள் தருவார்கள். சின்ன ஊர்க் கல்லூரிக்கு அப்படி யாரும் இல்லை, ஆகவே ஆண்டுக்கொரு சந்திப்பு, ஒரு குழுப் புகைப்படம், முடிந்தால் ஒரு குடிநீர் இயந்திரமோ நாலு பெஞ்சோ, அதோடு சரி. முதல்வர்களும் பேராசிரியர்களும், ஏன், முன்னாள் மாணவர்களுமே இதை இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறு என்பதும், ஐஐடிகளைவிட விருத்தாசலம் போன்ற ஊருக்குத்தான் முன்னாள் மாணவர் கூட்டுறவு பன்மடங்கு தேவை, பன்மடங்கு சாத்தியமும்கூட என்பதும் என் வாதம்.

இந்தக் கருத்து வெறும் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். அது அளவுகோலாகவே ஆகிவிட்டது. கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிட்டுத் தரம் வழங்கும் 'நாக்' அமைப்பு, மாணவர் நலன் என்ற ஐந்தாவது அளவுகோலின் கீழ் முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்குத் தனி இடம் வைத்திருக்கிறது. வைத்தது நல்லது. ஆனால் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் அந்த ஈடுபாட்டை எண்ணாக மாற்றும்போது, வந்து சேர்ந்த பணம் எத்தனை லட்சம் என்றுதான் கேட்கிறது. அளப்பவர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் அளக்கப்படுபவர் தேடுவார். கல்லூரிக்கு வந்து நாற்பது மாணவர்களுக்கு ஒரு வாரம் தொழில் நுணுக்கம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவரின் உழைப்பு அந்தக் கட்டத்தில் பூஜ்யம். ஐயாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு மறந்துபோனவர் அங்கே பங்களிப்பாளர். பாலிடெக்னிக்குகள் நாக் மதிப்பீட்டுக்குள் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்த மனக்கணக்கு எல்லைக்கோடு பார்த்து நிற்பதில்லை. பதிவு செய்யப்பட்ட சங்கம் இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, எவ்வளவு சேர்ந்தது என்ற மூன்று கேள்விகளோடு முன்னாள் மாணவர் விவகாரம் முடிந்ததாக நினைப்பது இன்று எல்லா வகைக் கல்வி நிலையங்களிலும் பரவியிருக்கிறது.

விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள ஊர். பழமலைநாதர் கோயிலாலும் ரயில் சந்திப்பாலும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். பீங்கான் தொழில் இந்தப் பக்கம் வேரூன்றியதற்குக் காரணம் மண். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்ட, அதன் மேலே கிடக்கும் மண் அடுக்குகளை அகற்றியாக வேண்டும். அந்த அடுக்குகளில் வெண்களிமண்ணும் உயர்வெப்பம் தாங்கும் தீக்களிமண்ணும் இருந்தன. அதை ஒட்டித்தான் வடலூரில் நெய்சர் கழிப்பறைப் பீங்கான் ஆலை வந்தது. விருத்தாசலத்தில் டான்செம் நிறுவனத்தின் ஸ்டோன்வேர் குழாய்த் தொழிற்சாலையும், சிறு கூடங்களுக்கான செராமிக் தொழிற்பேட்டையும் வந்தன. கொலுப் பொம்மை, அகல் விளக்கு, தேநீர்க் குவளை, மின்சார ஃப்யூஸ் கட்டை என்று சின்னச் சின்னப் பொருள்கள் இங்கிருந்து வெளியூர் போயின. இவற்றோடு அரசின் செராமிக் தொழில்நுட்ப நிறுவனமும் இங்கே இருக்கிறது. ஊர்க்காரர்கள் சொல்வது 'செராமிக் காலேஜ்' என்று. இந்தக் கல்லூரி உயர்கல்வித் துறையின் கீழ் இல்லை. தொழில் வணிகத் துறையின் கீழ் இயங்குகிறது. இதை நிர்வாக விவரம் என்று தாண்டிப்போகக் கூடாது. பட்டயம் கொடுப்பதோடு கடமை முடியும் நிலையமாக இருந்திருந்தால், தொழில் துறை அதைத் தன் கையில் வைத்திருக்கத் தேவையே இல்லை. தொழிலுக்கு ஆள் தயாரிப்பது, தொழிலின் சிக்கலைத் தீர்ப்பது என்ற இரண்டும் சேர்ந்ததுதான் அதன் வேலை. முதல் பாதி ஆண்டுதோறும் நடக்கிறது. இரண்டாவது பாதிக்குத்தான் முன்னாள் மாணவர்கள் தேவை.

எப்படிப்பட்ட சிக்கல் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்வது பிடிபடும். ஒரு கூடத்தில் குவளை செய்கிறார்கள். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, உலர்த்தி, ஒருமுறை சுட்டு, கண்ணாடிப் பூச்சான கிளேஸில் முக்கி, மறுபடி சூளையில் ஏற்றுகிறார்கள். சரக்கு பளபளவென்று வெளியே வருகிறது. வியாபாரி எடுத்துப் போகிறார். மூன்று வாரம் கழித்து, கடை அலமாரியில் இருந்தபடியே, கிளேஸில் தலைமயிர் போல மெல்லிய கோடுகள் ஓடத் தொடங்குகின்றன. தேநீர் ஊற்றினால் கோட்டில் கறை ஏறுகிறது. மொத்த லோடும் திரும்பி வருகிறது. காரணம் கண்ணுக்குத் தெரியாதது: சூளை ஆறும்போது கிளேஸ் சுருங்கும் அளவும், அடியில் இருக்கும் மண் உடல் சுருங்கும் அளவும் ஒத்துப்போகவில்லை. கிளேஸ் அதிகம் சுருங்கி இழுபட்டு நிற்கிறது. பிறகு மண் உடல் காற்றின் ஈரத்தை வாங்கிச் சற்றே விரியும்போது, ஏற்கெனவே விறைத்து நின்ற கிளேஸ் வெடிக்கிறது. கிளேஸில் சிலிக்காவைக் கூட்டுவதா, சோடா, பொட்டாஷ் அளவைக் குறைப்பதா, மண் கலவையில் குவார்ட்ஸைப் பொடியாக அரைத்துச் சேர்ப்பதா, சூட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றி உடலை இறுக்குவதா என்பதைப் பொருளைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த மாதம் வந்த மண் போன மாத மண்ணாக இருக்காது என்பதால், ஒருமுறை சரிசெய்தது மறுபடி கெடும். கூடத்துக்காரர் பெரும்பாலும் செய்வது, கிளேஸ் பொடி விற்கும் கடைக்காரரிடம் கேட்பது. அவர் வேறொரு பொடியை விற்பார்.

இதே சிக்கலை ஒரு பெரிய டைல்ஸ் ஆலையின் தர ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் அன்றாடம் பார்க்கிறார். அவரிடம் வெப்ப விரிவை அளக்கும் கருவி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, இருபது வருடம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இருக்கிறது. அப்படிப்பட்ட வேலைகளுக்கு ஆளைத் தயார் செய்வதற்கென்றே நிறுவப்பட்டது விருத்தாசலம் கல்லூரி. குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் வடிவம் மாறும், அந்த இடத்தில் சூளையை அவசரப்பட்டு ஆறவிட்டால் பொருள் விரிசல் விடும் என்பதை முதலில் அவர் கேட்டதே இந்த ஊர் வகுப்பறையில்தான். இப்போது அவர் குஜராத்திலோ வளைகுடாவிலோ இருக்கலாம். அவர் படித்த கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கூடத்துக்காரர் லோடு லோடாக நட்டப்பட்டுக்கொண்டிருக்கிறார். இருவரையும் இணைக்க வேண்டிய ஒரே நிலையம் அந்தக் கல்லூரி. அது அவரைக் கூப்பிடுவது ஆண்டு விழாவுக்கும் அன்பளிப்புக்கும் மட்டும் என்றால், அவரிடம் இருக்கும் மதிப்புள்ள பொருளை விட்டுவிட்டு மதிப்புக் குறைந்ததைக் கேட்கிறோம். அவர் மாதச் சம்பளக்காரர். அவரால் தரக்கூடிய பணம் கொஞ்சம், தரக்கூடிய அறிவு ஏராளம். பணத்தை மட்டும் அளக்கும் கணக்கில் அவர் ஏழை முன்னாள் மாணவர். விருத்தாசலத்தின் தேவையை வைத்துப் பார்த்தால் அவரைவிடச் செல்வந்தர் யாரும் இல்லை.

ஐஐடி எடுத்துக்காட்டைக் காட்டி என்னை மறுப்பவர்கள் அந்த எடுத்துக்காட்டையே பாதிதான் படித்திருக்கிறார்கள். சிவுகுலா பட்டம் பெற்றதற்கும் அந்தக் கொடைக்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த இடைவெளியில் சென்னை ஐஐடி சும்மா இருந்து, கடைசியில் காசோலையை வாங்கிக்கொள்ளவில்லை. நாட்டிலேயே முதலாவதான ஆய்வுப் பூங்காவைக் கட்டியது. நிறுவனங்களைப் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது. புதிய தொழில்களை ஊட்டி வளர்த்தது. முன்னாள் மாணவர் உறவுக்கென்றே முழுநேர அலுவலகம் வைத்தது. படித்தவர் தம் தொழிலுக்குத் தேவையானதைத் தேடித் திரும்பி வர ஒரு காரணம் இருந்தது. வேலையின் வழியாக நெடுங்காலம் பிணைந்திருந்த உறவில் பணமும் வந்தது. நாமோ அந்த நெடுங்கால வேலையை விட்டுவிட்டு, கடைசியில் வந்த பணத்தை மட்டும் நகலெடுக்கப் பார்க்கிறோம். சிவுகுலாவின் தொழிலே உலோகத் தூளை அச்சில் செலுத்தி, சூளையில் சுட்டு இறுக்கும் முறை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூள், அச்சு, சூளை என்பது பீங்கானுக்கு உடன்பிறப்பான தொழில்நுட்பம். விருத்தாசலம் மாணவருக்கு அது அந்நியமான உலகம் அன்று.

எண்ணிக்கை மட்டும் பெருகினால் உறவு தானாக வந்துவிடாது என்பதற்கு, இதே மாவட்டத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சான்று. 1929-இல் தோன்றி, தொலைநிலைக் கல்வி வழியாக நாடு முழுக்க மாணவர்களைக் கொண்ட பல்கலைக்கழகம் அது. நிதி நெருக்கடி முற்றியபோது 2013-இல் தனிச்சட்டம் இயற்றி அரசுதான் அதை ஏற்றது. பட்டம் வாங்கியவர்களின் பட்டியல் நீளமாக இருப்பது ஒன்று. தம் வாழ்நாள் முழுக்க ஒரு நிலையத்தோடு வேலைத் தொடர்பு வைத்திருப்பவர்கள் இருப்பது வேறொன்று.

'அதெல்லாம் சரி, கூரை ஒழுகுகிறதே, கருவி பழசாகிவிட்டதே, பணம் வேண்டாமா?' என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் அரசுக் கல்லூரியின் கூரைக்குப் பொறுப்பு அரசு. முன்னாள் மாணவர் பணத்தைப் பெரிதாகப் பேசப் பேச, அந்தப் பொறுப்பு மெதுவாகக் கைமாறுகிறது. 'உங்கள் பழைய மாணவர்களைக் கேளுங்களேன்' என்று கோப்பில் எழுதுவது சுலபமாகிறது. முன்னாள் மாணவர் ஈடுபாடு என்றாலே தனியார்மயத்தின் வாசல்படி என்று அஞ்சும் ஆசிரியர் சங்கத்தினரின் கவலையை நான் மதிக்கிறேன். நன்கொடையை மையமாக வைத்தால் அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அரசின் கடமையைக் குறைக்காமலே மக்களைக் கல்வி நிலையத்தோடு இணைக்க முடியும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. காமராசர் ஆட்சியில், 1950-களின் இறுதியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் மேசை நாற்காலி தந்தார்கள், கட்டடம் தந்தார்கள், உழைப்பும் தந்தார்கள். அதே ஆண்டுகளில் அரசும் பள்ளிகளைப் பெருக்கியது, ஆசிரியர்களை நியமித்தது, மதிய உணவைக் கொண்டுவந்தது. மக்கள் கை கொடுத்ததால் அரசு கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆகவே நான் கேட்பது இதுதான்: கூரையையும் கருவியையும் அரசிடம் கேளுங்கள், முழுக் குரலில் கேளுங்கள். முன்னாள் மாணவரிடம் அரசால் தரவே முடியாததைக் கேளுங்கள்.

அது எந்த வடிவில் இருக்கும் என்பதற்கு வெளிநாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. விருத்தாசலத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், அதனோடு வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. நிலக்கடலையிலும் முந்திரியிலும் 'விஆர்ஐ' என்ற பெயரோடு இங்கிருந்து ரகங்கள் வெளிவந்திருக்கின்றன. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காரருக்கு இந்த நிலையம் தெரியும். அந்த நிலையத்துக்கும் அவர் தோட்டம் தெரியும். வேளாண் அறிவியல் நிலையம் என்ற அமைப்பே நாட்டில் முதன்முதலாக 1974-இல் நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில், இதே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. அதன் உள்ளியக்கம் எளிமையானது: ஆய்வு நிலையத்தில் பிறந்ததை உழவர் நிலத்திலேயே போட்டுப் பார்ப்பது, அங்கே தவறியதைத் திரும்ப எடுத்து வந்து திருத்துவது, மறுபடி போட்டுப் பார்ப்பது. உழவர் அங்கே பயனாளி மட்டுமில்லை, சோதனையில் பங்காளி. ஒரே ஊரில் வேளாண்மைக்கு இருக்கும் இந்த ஏற்பாடு பீங்கானுக்கு ஏன் இல்லை? நிலம் கண்முன்னே இருக்கிறது, மண்ணை நம்பியவர் ஓட மாட்டார். ஆனால் பட்டயம் வாங்கியவர் ரயிலேறிவிடுவார் என்பதால்தான். அப்படியானால் ரயிலேறியவரோடு தொடர்பை அறுக்காமல் வைத்திருப்பதுதான் செராமிக் கல்லூரியின் விரிவாக்கப் பணி. கூடத்துக்காரர்கள் கொண்டுவரும் சிக்கல்களைப் பதிவு செய்ய ஒரு பேரேடு, ஒவ்வொரு சிக்கலையும் கையிலெடுக்க ஒரு முன்னாள் மாணவர், அவர் சொல்வதைச் சூளையில் சோதித்துப் பார்க்கும் இறுதியாண்டு மாணவர் இருவர், கடைசியில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற குறிப்பு. பத்து ஆண்டு இப்படி நடந்தால், நெய்வேலி, பண்ருட்டி மண்ணின் குணங்களைப் பற்றி எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு அறிவுத் தொகுப்பு அந்தப் பேரேட்டில் இருக்கும். அது கல்லூரியின் சொத்து, ஊரின் சொத்து.

போனவர்கள் ஊரையே மறந்தவர்கள், அவர்களை எதிர்பார்ப்பது வீண் என்ற வாதம் அடிக்கடி வருகிறது. தூரம் உறவை அறுத்துவிடும் என்பதை யாழ்ப்பாணம் பொய்யாக்கியிருக்கிறது. போரில் சிதறிக் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் போன இடமெல்லாம் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போன்ற பள்ளிகளுக்குப் பழைய மாணவர் சங்கக் கிளைகளைத் தொடங்கினார்கள். ஊருக்கே திரும்ப முடியாத காலத்திலும் பள்ளியோடு இருந்த கயிற்றை விடவில்லை. அங்கே அது நடந்ததற்கு, சங்கம் என்பது படிக்கும் காலத்திலேயே மாணவர் மனத்தில் பதிந்த ஒரு மரபாக இருந்தது காரணம். நம் அரசுக் கல்லூரிகளில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கும் நாளோடு உறவை முடிப்பது கல்லூரிதான். பிறகு இருபது ஆண்டு கழித்து நன்றி கெட்டவர்கள் என்று குறைபடுவதும் அதே கல்லூரி. முதலில் கொடுக்க வேண்டியவர் யார் என்று கேட்டால், கல்லூரி என்றே நான் சொல்வேன். படித்தவர் புதிய உருளைச் சூளைக்கோ டிஜிட்டல் அச்சுக்கோ மாறும்போது கற்றுக்கொள்ள ஒரு குறுகிய வகுப்பு. வேலை போய்விட்டால் வழிகாட்ட ஒரு மேசை. பொறியியல் படிப்பில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர விரும்பினால், செராமிக் டெக்னாலஜிக்குத் தனித் துறை வைத்திருக்கும் கிண்டி ஏ.சி. டெக் வரை கைபிடித்துக் கொண்டுவிடும் ஒரு ஆசிரியர். இவையெல்லாம் பட்டயத்துக்குப் பின்னும் கல்லூரி தன் மாணவரைத் தன்னவராக நடத்துகிறது என்பதற்கு அடையாளங்கள். அப்படி நடத்தப்பட்டவர் தொலைபேசியை எடுக்காமல் இருக்க மாட்டார். ஆலை ரகசியத்தை எப்படிச் சொல்வார்கள் என்றும் கேட்கிறார்கள். விருத்தாசலத்தின் சிக்கல்களுக்கு யாருடைய ரகசியமும் தேவையில்லை. கிளேஸ் ஏன் வெடிக்கிறது என்பது புத்தகத்திலேயே உள்ள அறிவு. புத்தகத்திலிருந்து சூளைக்குக் கொண்டுபோகும் அனுபவம்தான் இங்கே இல்லாதது.

மிகக் கடினமான ஆட்சேபம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 'பீங்கான் இந்த ஊரில் தேய்ந்துகொண்டு வருகிறது. டைல்ஸ் என்றால் மோர்பி, குவளை என்றால் குர்ஜா, மலிவு என்றால் சீனா. சாகிற தொழிலுக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு?' போட்டி கடுமையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்கள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். கொல்கத்தாவில் உள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிலையத்துக்கு உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவிலும், குஜராத்தில் நரோடாவிலும் கிளை மையங்கள் இருக்கின்றன. தொழிலுக்குப் பக்கத்தில் அறிவு நிலையம் போய் உட்கார்ந்திருக்கிறது. அதே குஜராத்தின் மோர்பியில் நிலக்கரி வாயு உலைகளை மூடும்படி 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது, ஊரே இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டியிருந்தது. எரிபொருள் மாறினால் சுடும் முறை மாறும், செலவுக் கணக்கு மாறும். அந்த நெருக்கடியை அந்த ஊர் தாங்கியதற்குப் பணபலம் ஒரு காரணம் என்றால், சூளையை அறிந்த தொழில்நுட்ப ஆட்கள் நெருக்கமாக அங்கே குவிந்திருந்தது இன்னொரு காரணம் என்று நான் கருதுகிறேன். அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்கவென்றே கல்லூரி வைத்திருக்கும் ஊர் விருத்தாசலம். படித்தவரின் அறிவு வெளியூர்ச் சூளைக்குப் போய்ச் சேர, உள்ளூர்ச் சூளை அணைவதைப் பார்த்துத் 'தொழில் சாகிறது' என்று கைவிரிப்பது முறையா? பீங்கானும் குவளையோடு முடிகிற பொருள் இல்லை. மின்காப்பான், உலைக்கல், வடிகட்டி, பல் மருத்துவம், மின்னணு என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. நியூயார்க் மாநிலம் 1900-இல் ஆல்ஃபிரட் என்ற சிற்றூரில் களிமண் தொழில் பள்ளி ஒன்றைத் தொடங்கி, சார்லஸ் பின்ஸ் என்பவரை இயக்குநராக அமர்த்தியது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்தச் சிற்றூரில் பீங்கான் கல்வி நிற்கிறது. இன்று அங்கே கண்ணாடி அறிவியலும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். பிரான்சில் செவ்ரில் 1893-இல் தொடங்கிய பீங்கான் பொறியியல் பள்ளியை 1979-இல் லிமோஜுக்கே இடம்மாற்றினார்கள், தொழில் இருக்கும் ஊரில்தான் கல்வியும் இருக்க வேண்டும் என்பதுபோல. ஊரும் கல்லூரியும் ஏற்கெனவே ஒரே இடத்தில் இருக்கும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது.

முன்னாள் மாணவர் சங்கம் என்று வைத்தால் ஊரில் செல்வாக்குள்ள நாலு பேர், ஒரு சாதிக்காரர்கள், ஒரு கட்சிக்காரர்கள் கைப்பற்றிக்கொள்வார்கள் என்ற அச்சமும் உண்டு. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பல ஊர்களில் நடப்பதுதான். ஆனால் அப்படிக் கைப்பற்றத் தூண்டுவது எது? மேடையும் மாலையும் வங்கிக் கணக்கும். கிளேஸ் வெடிப்புக்கு மாற்றுக் கலவை சொல்லும் பொறுப்பைக் கைப்பற்ற யாரும் முண்டியடிக்க மாட்டார்கள். வேலையை மையமாக வைத்தாலே பாதிக் கேடு விலகும். மீதிப் பாதிக்கு, யாரை முன்னாள் மாணவர் என்று எண்ணுகிறோம் என்பதை விரிக்க வேண்டும். பட்டயம் வாங்கி ஆலை மேலாளராக ஆனவர் மட்டும் போதாது. குறுகிய காலப் பயிற்சிக்கு வந்து அச்சு வார்க்கக் கற்றுக்கொண்டு போன பெண்ணும், பொம்மைக்கு வண்ணம் தீட்டும் நுணுக்கம் பயின்று கூடத்தில் கூலிக்கு வேலை செய்பவரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். எந்தச் சிக்கலை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்களுக்கும் வாக்கு வேண்டும். இல்லையென்றால் ஆலை மேலாளர்களுக்குச் சுவையான சிக்கல்களே எப்போதும் முன்னால் நிற்கும்; சூளைப் புகையிலும் சிலிக்கா தூசியிலும் நிற்பவரின் நுரையீரல் கடைசியில்கூட வராது. சமூகப் பயன் என்று பேசுவோர் இந்தத் தூசியைப் பற்றிப் பேசாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, 'அரசு விதிகள் இடம் தராது, முதல்வர் மாறுவார், ஆசிரியர் மாற்றலாகிப் போவார், தொடங்கியது அத்தோடு நிற்கும்' என்பார்கள். மாற்றல் உண்மை. அதனால்தான் ஆளை நம்பாமல் பேரேட்டை நம்ப வேண்டும் என்கிறேன். வருகிறவர் யாராக இருந்தாலும் திறந்து கிடக்கும் பக்கத்திலிருந்து தொடரலாம். விதிகளைப் பொறுத்தவரை அவை நாம் நினைப்பதைவிடத் தளர்ந்திருக்கின்றன. தொழில் அனுபவம் மிக்கவர்களைப் பட்டமோ ஆய்வுக் கட்டுரையோ கேட்காமல் பேராசிரியர்களாக அமர்த்தலாம், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. பட்டமில்லாத சூளை வல்லுநரை வகுப்பறைக்குள் கொண்டுவர இதைவிட நல்ல முன்மாதிரி வேறு தேவையில்லை. அதே நெறியைத் தொழில் வணிகத் துறை தன் கீழுள்ள கல்லூரிக்கு ஏற்பத் திருத்தி ஆணையிட்டால் போதும். பள்ளிகளில்கூட 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுசீரமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் முடிந்தது தொழில்நுட்பக் கல்லூரியில் முடியாது என்று சொல்ல யாராலும் இயலாது. தொடங்க வேண்டிய இடமும் தயாராகவே இருக்கிறது. செராமிக் பட்டயப் படிப்பின் ஒரு பகுதி தொழிற்சாலைப் பயிற்சி. பயிற்சிக்கு மாணவர் போகும் ஆலையில் இதே கல்லூரியில் படித்த மூத்தவர் யாராவது இருந்தால், வரும் ஆண்டு பயிற்சிக்குப் போகிறவர் கையில் தொழிற்பேட்டையின் ஒரு சிக்கலை, வெடித்த குவளை ஒன்றோடும் அதைச் செய்த மண்ணில் இரண்டு கிலோவோடும் கொடுத்து அனுப்பலாம். அந்த மூத்தவரின் மேசையில் அதை வைத்துவிட்டுப் பயிற்சி முடியும்வரை அதன் மேல் வேலை செய்யட்டும். அதற்கு ஒரு ரூபாய் நன்கொடை தேவையில்லை, தலைமைச் செயலகத்திலிருந்து ஆணையும் தேவையில்லை. முதல்வர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும்.